மோதிரம் சேரவில்லை, வளையல் ஏறவில்லை: கைவேலை நகைக் கருவிகளில் பிழை தேடும் முறை

இதைப் படிக்கத் தொடங்கும் முன் உங்களிடம் உள்ள மோதிரக் கோலையும் அளவு வளையக் கொத்தையும் வெர்னியரையும் எடுத்து மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரக் கோல் என்று நான் சொல்வது ஒரு முனை மெலிந்தும் மறுமுனை தடித்தும் எண்கள் பொறித்தும் இருக்கும் எஃகுக் கோலை. கருவிக் கடையில் ரிங் ஸ்டிக் என்றோ மாண்ட்ரல் என்றோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். விரலில் மாட்டிப் பார்ப்பதற்காக ஒரே கம்பியில் கோத்திருக்கும் எண்ணிட்ட வளையங்கள்தான் அளவு வளையக் கொத்து. வெர்னியர் என்பது பொருளைத் தாடைகளுக்கு இடையில் பிடித்து மில்லிமீட்டரின் சிறு பங்கையும் அளக்கும் கருவி. நான் மன்னார்குடியில் வெள்ளியிலும் பித்தளையிலும் நகை செய்கிறேன். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அவர்கள் கொண்டுவரும் தவறிய உருப்படிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்தது இதுதான்: பெரும்பாலும் அளந்த கருவி ஒரு கணக்கிலும் வளைத்த கருவி வேறொரு கணக்கிலும் நின்றிருக்கும், அல்லது கருவியின் வடிவமே நாம் செய்ய நினைத்த வடிவத்துக்குக் குறுக்கே நின்றிருக்கும். கையைக் குறை சொல்வது அதற்குப் பிறகுதான். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் எதைச் சந்தேகிப்பது, எப்படிச் சோதிப்பது, வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் எதை வாங்குவது என்று எழுதிக்கொண்டு போகிறேன்.

அறிகுறி: அளவு வளையம் விரலில் சரியாக இருந்தது, அதே எண்ணில் செய்த மோதிரம் சேரவில்லை

முதலில் எண் எந்த முறையைச் சேர்ந்தது என்று பாருங்கள். நம் ஊர் நகைக் கடைகளில் வழங்கும் மோதிர எண், உள்சுற்றளவை மில்லிமீட்டரில் எடுத்து அதிலிருந்து 40 கழித்தால் ஏறக்குறைய வந்துவிடும். 14 எண் என்றால் உள்சுற்றளவு 54 மி.மீ., உள்விட்டம் சுமார் 17.2 மி.மீ. அமெரிக்க முறையில் இதே விரலுக்கு எண் 7 என்று வரும். இந்திய முறையில் ஓர் எண் கூடினால் சுற்றளவு 1 மி.மீ. கூடுகிறது, அமெரிக்க முறையில் ஓர் எண் கூடினால் சுற்றளவு ஏறக்குறைய 2.55 மி.மீ. கூடுகிறது. ஒரே கோலில் இரண்டு முறைகளும் பக்கத்துப் பக்கத்தில் பொறித்திருக்கும்போது வேலை மும்முரத்தில் கண் பக்கத்து வரிசைக்குத் தாவிவிடும். எனக்கும் தாவியிருக்கிறது. அன்றிலிருந்து வேண்டாத வரிசையின் மேல் நகப்பூச்சைத் தடவி மறைத்து வைத்திருக்கிறேன்.

இரண்டு கருவியும் ஒரே முறைதான் என்றால், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதியுங்கள். கொத்திலிருந்து 10, 14, 18 ஆகிய மூன்று வளையங்களை ஒவ்வொன்றாகக் கோலில் இறக்கி, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கோலின் அதே கோடுகளில் வெர்னியரை வைத்து விட்டத்தை அளந்து பாருங்கள். வெர்னியரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. தாடைகளை மூடியபோது அது பூச்சியத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். விலை குறைந்த கோல்களில் பொறித்த கோடு அரை எண் தள்ளி நிற்பது சாதாரணம். அதற்காகக் கோலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எந்தக் கோட்டில் உண்மையில் எத்தனை மி.மீ. என்று ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, அதன் பிறகு எண்ணை மறந்து மில்லிமீட்டரிலேயே வேலை செய்யுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசன் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் பதித்த நகைகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்ததாக ஒவ்வொன்றுக்கும் எழுதியிருப்பதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அட்டைதான் நினைவுக்கு வரும். எடையைச் சொல்வதோடு நிற்காமல் எந்தக் கல்லால் எடுத்த எடை என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

கருவிகள் ஒத்துப்போகின்றன, ஆனாலும் மோதிரம் இறுக்கமாக இருக்கிறது என்றால் பட்டையின் அகலத்தைப் பாருங்கள். அளவு வளையங்கள் பெரும்பாலும் மெல்லியவை. அவை விரலின் சதையில் அழுந்தி இடம் பிடித்துக்கொள்ளும். 7 அல்லது 8 மி.மீ. அகலமுள்ள பட்டை மோதிரம் சதையை ஒதுக்க இடமில்லாமல் இறுகும். அகலப் பட்டைக்கு இந்திய எண்ணில் ஒன்று கூட்டிச் செய்வது என் வழக்கம். அகலப் பட்டை மோதிரங்களையே அதிகம் செய்கிறவர் அகல வளையங்கள் கொண்ட கொத்து ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது; எப்போதாவது செய்கிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இதோடு நேரமும் சேர்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் பேருந்தில் வந்து இறங்கியவரின் விரல் வீங்கியிருக்கும். மார்கழிக் காலையில் அதே விரல் ஒடுங்கியிருக்கும். வந்தவுடன் அளக்காமல், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். நூலால் அளந்து எடுத்து வந்தேன் என்று சொல்கிறவர்களிடம் அந்த நூலை வாங்கி வைத்துக்கொண்டு, மறுபடி அளக்கச் சொல்வேன். நூல் இழுபடும். காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டி விரல் கணுவின் மேல் சுற்றிக் குறித்துக்கொண்டால் அது இழுபடாது. சுவாமிமலைச் சிற்பிகள் தென்னை ஓலையைக் கீறி மடித்து ஒடியோலை என்று அளவுகோலாக்கிக்கொள்வதைப் பார்த்துவிட்டு ஓலையாலேயே விரலை அளந்து வந்த மாணவி ஒருவர் உண்டு. அங்கே ஓலை தருவது சிலையின் உறுப்புகளுக்கு இடையிலான விகிதத்தை. நமக்கு வேண்டியது மில்லிமீட்டர். காய்ந்தால் சுருங்கும் பொருளை நம் வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது.

அறிகுறி: கணக்குப் போட்டு வெட்டியும் மோதிரம் நான்கைந்து எண் சிறியதாக வந்துவிட்டது

அண்ணன் நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளி மோதிரம் செய்து பழகிய மாணவி ஒருவர், பற்றவைத்து முடித்த வளையத்தைச் சுண்டு விரலில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “அக்கா, 14 எண்ணுக்கு 54 மில்லிமீட்டர்னு நீங்கதானே சொன்னீங்க? அப்படியே அளந்துதான் வெட்டினேன்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நான் சொன்னது உள்சுற்றளவு. அவர் வெட்டியது தகட்டின் நீளம். தகட்டை வளைக்கும்போது உள்பக்கம் சுருங்குகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது, நடுக்கோடு மட்டும் வெட்டிய நீளத்திலேயே நிற்கிறது. ஆகையால் உள்விட்டத்தோடு தகட்டின் தடிமனைக் கூட்டி, அதை 3.14 ஆல் பெருக்க வேண்டும். 17.2 உடன் 1.5 கூட்டினால் 18.7, அதைப் பெருக்கினால் ஏறக்குறைய 58.7 மி.மீ. வெட்ட வேண்டும். அவர் 54 மட்டும் வெட்டியதால் உள்சுற்றளவு 49 சொச்சத்துக்கு இறங்கி, மோதிரம் 9 எண்ணாகிவிட்டது.

கணக்குச் சரியாக இருந்தும் அளவு தவறினால் சந்தேகிக்க வேண்டிய கருவி ஸ்கேல். நெகிழி ஸ்கேலில் அரை மில்லிமீட்டரைக் கண்ணால் பிடிக்க முடியாது. நம் மோதிர எண்ணில் ஒரு முழு எண்ணே ஒரு மில்லிமீட்டர்தான். தடிமனை வெர்னியரால் அளப்பவர்கள்கூட நீளத்தை ஸ்கேலால் அளந்துவிடுகிறார்கள். தகட்டில் நீளத்தைக் குறிக்க, இரு கூர்முனையுள்ள எஃகு டிவைடரை வெர்னியரில் விரித்து அளவெடுத்து அப்படியே கீறுங்கள். வெட்டிய பிறகு இரு முனையையும் அரத்தால் ராவிச் சேர்க்கும்போது போகும் நீளத்துக்காக அரை மில்லிமீட்டர் கூட்டி வெட்டுவேன். சிறியதாக வந்ததைச் சற்றுப் பெரிதாக்கிவிடலாம். பெரிதாக வந்ததைச் சரிசெய்ய அறுத்துத்தான் ஆக வேண்டும் என்பதால், அதற்கு மேல் கூட்டுவதில்லை.

அறிகுறி: மோதிரத்தின் ஒரு விளிம்பு இறுக்கமாகவும் மறு விளிம்பு தளர்வாகவும் இருக்கிறது

இது கோலின் சாய்வு செய்யும் வேலை. மோதிரத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒரு பக்கமாகவும் பிறகு மறுபக்கமாகவும் வைத்து, வெர்னியரின் உள்தாடைகளால் இரு வாயையும் அளந்து பாருங்கள். என் கோலில் இந்திய எண் ஒன்றிலிருந்து அடுத்த எண்ணுக்கு ஏறக்குறைய 6 மி.மீ. தூரம் இருக்கிறது. அப்படியென்றால் 8 மி.மீ. பட்டையைக் கோலில் இறக்கித் தட்டும்போது அதன் கீழ்வாய்க்கும் மேல்வாய்க்கும் இடையில் ஓர் எண்ணுக்கு மேலேயே வித்தியாசம் விழுகிறது. மெல்லிய கம்பி மோதிரத்தில் இது தெரியாது. பட்டை மோதிரத்தில் தயிர்க் கடை மண்கலயம் போல ஒரு பக்கம் விரிந்து நிற்கும்.

செய்ய வேண்டியது: நான்கைந்து தட்டுக்கு ஒரு முறை மோதிரத்தைக் கழற்றித் தலைகீழாக மாட்டித் தட்டுங்கள்; கடைசிச் சுற்றையும் இரு பக்கமும் சமமாக முடியுங்கள். அளவைப் படிக்கும்போதும் இதே சிக்கல் உண்டு. பட்டையின் கீழ் விளிம்பில் படிக்கிறவருக்கு ஓர் எண்ணும், நடுவில் படிக்கிறவருக்கு வேறோர் எண்ணும் கிடைக்கும். அகலப் பட்டைக்கு நான் நடுவில்தான் படிக்கிறேன். நீங்கள் எங்கே வேண்டுமானாலும் படியுங்கள், ஆனால் எப்போதும் அங்கேயே படியுங்கள்.

அகலப் பட்டை அதிகம் செய்கிறவர்களுக்குப் படிப்படியாக அமைந்த கோல் கடையில் கிடைக்கிறது. ஒவ்வொரு படியும் சாய்வில்லாமல் நேராக இருக்கும். அதைவிடச் சிக்கனமான வழி ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. ஆழ்குழாய் மோட்டாருக்கும் டிராக்டருக்கும் ஷாஃப்ட் கடைந்து தரும் லேத் பட்டறை டெல்டாவில் எந்தச் சிறு நகரத்திலும் உண்டு. 16.5, 17.2, 17.8 மி.மீ. என்று மூன்று விட்டத்தில், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்தில், எஃகு உருளைகளைக் கடைந்து வாங்கிக்கொண்டால் 12, 14, 16 எண்ணுக்கு நேர்க்கோல்கள் கிடைத்துவிடும். மேல்பரப்பை வழவழப்பாக மெருகு பிடித்துத் தரும்படி சொல்லி வாங்குங்கள். லேத் உளி விட்டுப் போகும் வரிகள் வெள்ளியின் உள்பக்கத்தில் அப்படியே பதியும்.

அறிகுறி: வட்டம் சரிசெய்யத் தட்டத் தட்ட மோதிரம் பெரிதாகிக்கொண்டே போகிறது

சுத்தியலைப் பாருங்கள். எஃகுக் கோலின் மேல் வைத்து எஃகுச் சுத்தியலால் தட்டினால் நடுவில் அகப்பட்ட உலோகம் மெலிந்து நீள்கிறது. நீண்டால் மோதிரம் பெரிதாகத்தான் செய்யும். வடிவத்தை மட்டும் மாற்ற வேண்டும், தடிமனை மாற்றக் கூடாது என்றால் மரக் கொட்டாப்புளியோ, தோல் சுருட்டிய சுத்தியலோ, நைலான் தலைச் சுத்தியலோ வேண்டும். என் கொட்டாப்புளி புளியங்கட்டையில் செய்தது. இறைச்சிக் கடையில் கட்டையாகக் கிடந்து வெட்டு வாங்குகிற மரம் வெள்ளியிடம் தோற்றுவிடாது. இதே காரணத்தால், ஒரே ஓர் எண் சிறியதாகப் போன கல்லில்லாத மோதிரத்தைப் பெரிதாக்க எஃகுச் சுத்தியலையே வேண்டுமென்றே எடுக்கிறோம். மெல்லத் தட்டி, சுற்றிச் சுற்றித் தட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் அளந்து பார்க்க வேண்டும்.

அறிகுறி: பெரிதாக்கும்போது ஒட்டு பிளந்துவிட்டது

உலோகம் இறுகியிருக்கிறது. தட்டுதல், இழுத்தல், வளைத்தல் எதுவானாலும் வெள்ளியும் பித்தளையும் கடினமாகிக்கொண்டே போகும். பழுக்கக் காய்ச்சி ஆற்றினால்தான் மறுபடி இளகும். 925 வெள்ளியை மங்கிய சிவப்பு நிறம் வரும் வரை காய்ச்சினால் போதும். இந்தச் சிவப்பு வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. வாசலில் உட்கார்ந்து காய்ச்சுகிறவர்கள் சிவப்பைத் தேடித் தேடி உருக்கியே விடுகிறார்கள். நிழலுக்குள் வந்து காய்ச்சுங்கள். அழியாத மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, அது சூட்டில் மறைந்ததும் நிறுத்தும் முறையும் புதியவர்களுக்கு உதவும்.

காய்ச்சிய பிறகும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு எண்ணுக்கு மேல் பெரிதாக்கப் பார்க்காதீர்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் அறுத்து, துண்டு சேர்த்துப் பற்றவைப்பதே சரி. அறுக்கும் இடத்தை முதலில் திருப்பிப் பாருங்கள். தங்க மோதிரமாக இருந்தால் தூய்மைக்குச் சான்றான பி.ஐ.எஸ். முத்திரையும், அந்த நகைக்கென்றே தரும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளமும் பெரும்பாலும் பின்பக்க உள்வளைவில்தான் இருக்கும், வாள் வைக்கக் கை போவதும் அங்கேதான். கல் பதித்த மோதிரத்தைக் கோலில் மாட்டித் தட்டவே கூடாது. கல்லின் அடிமுனை இறங்குவதற்காக நீளவாக்கில் பள்ளம் வெட்டிய கோல் இருந்தாலும் அது அளவு பார்ப்பதற்கு மட்டும்தான்.

அறிகுறி: 2.10 வளையல் கேட்டார்கள்; செய்தது கைக்குள் நுழையவே இல்லை

வளையல் எண்ணைத் தசமம் என்று படிப்பதால் வரும் பிழை இது. 2.10 என்பதை 2.1 அங்குலம் என்று எடுத்துக்கொண்டு, 2.4 ஐ விடச் சிறியது என்று நினைத்துவிடுகிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 2.4 என்றால் இரண்டே கால் அங்குல உள்விட்டம், அதாவது 57.2 மி.மீ.; 2.6 என்றால் 60.3, 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5; 2.10 என்றால் 66.7 மி.மீ. ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் விட்டத்தில் சுமார் 3.2 மி.மீ., சுற்றளவில் 10 மி.மீ. வித்தியாசம். வளையல் கடைக்கு ஆயிரம் முறை போய் “ரெண்டு ஆறு கொடுங்க” என்று கேட்டு வாங்கியவர்களும் மேசையில் உட்கார்ந்து கால்குலேட்டரை எடுத்ததும் இதில் சறுக்குகிறார்கள்.

கையை அளக்கும்போது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கணுக்கள் மேல் தையல் நாடாவைச் சுற்ற வேண்டும். மணிக்கட்டில் சுற்றி அளந்தது கை வழியாக ஏறாத வளையலுக்குத்தான் கொண்டுபோய் விடும். சுற்றளவு 19 செ.மீ. வந்தால் 3.14 ஆல் வகுக்க 60.5 மி.மீ.; 2.6 சரியாகப் பொருந்தும். திறந்த வாயுள்ள காப்புக்கு மட்டும் மணிக்கட்டின் அளவு வேண்டும். அதற்கு வட்டக் கோல் ஒத்துவராது. மணிக்கட்டு தட்டையானது, வட்டக் காப்பு அதில் புரண்டுகொண்டே இருக்கும். நீள்வட்டக் கோலை வாங்குங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்கிறவருக்கு, மூடிய வளையல் செய்தால் வட்டம், காப்பு செய்தால் நீள்வட்டம் என்பதே என் பதில்.

அறிகுறி: 20 கேஜ் கம்பி என்று வாங்கினோம், மணித் துளையில் போகவில்லை

கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண்ணும் இரண்டு வகை. நம் ஊர் ஹார்டுவேர் கடைச் செம்புக் கம்பி பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.ஜி. என்னும் பிரிட்டிஷ் கணக்கில் வரும். கைவேலைப் பொருள் கடைகளில் வரும் வெளிநாட்டு வண்ணக் கம்பி ஏ.டபிள்யூ.ஜி. என்னும் அமெரிக்கக் கணக்கில் வரும். 20 எண் முதல் கணக்கில் 0.91 மி.மீ., இரண்டாவது கணக்கில் 0.81 மி.மீ. துளை 0.85 ஆக இருந்தால் ஒன்று நுழையும், மற்றது நுழையாது. 18 எண்ணில் 1.22 க்கும் 1.02 க்கும் உள்ள வித்தியாசம் இன்னும் பெரியது. பள்ளங்கள் வெட்டிய வட்டக் கேஜ் தகட்டை வாங்கும்போது அது எந்தக் கணக்கில் வெட்டியது என்று பார்த்து வாங்குங்கள். வெர்னியர் இருக்கிறவருக்கு அந்தத் தகடே தேவையில்லை, “0.8 மில்லிமீட்டர் கம்பி” என்று கேட்டு வாங்கும் பழக்கம் எல்லாக் குழப்பத்தையும் தீர்த்துவிடும்.

தடித்த கம்பியை, துளைகள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைத் தகட்டில் இழுத்து மெலிதாக்கிக்கொள்ளலாம். இழுக்கும்போது அறுந்தால் துளையைத் தாண்டியிருப்பீர்கள், அல்லது காய்ச்சாமல் தொடர்ந்து இழுத்திருப்பீர்கள். வரிசையில் ஒரு துளையையும் விடாமல், தேன்மெழுகு தடவி, முனையைக் கூராக ராவி, கையில் விறைப்புத் தெரியும்போது காய்ச்சிவிட்டு இழுங்கள்.

அறிகுறி: ஒரே கம்பியில் சுற்றி வெட்டிய வளையங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரியவை

கொலுசுக்கும் சங்கிலிக்கும் வேண்டிய சிறு வளையங்களை 5 மி.மீ. கம்பி மேல் சுற்றினால் 5 மி.மீ. உள்விட்டம் வருமென்று நினைக்கிறோம். இறுகிய கம்பி, விட்டவுடன் சற்றே விரிந்துகொள்ளும். எவ்வளவு விரியும் என்பது உலோகத்தையும் அதன் இறுக்கத்தையும் பொறுத்தது. ஆகையால் ஐந்து சுற்று மட்டும் சுற்றிக் கழற்றி அளந்து பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் உள்ளே வைத்துச் சுற்றும் கம்பியை மெலிந்ததாக மாற்றுங்கள். சுற்றுவதற்கென்று கடையில் விற்கும் கம்பித் தொகுப்பு வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை வரவில்லை. சைக்கிள் சக்கரக் கம்பி 2 மி.மீ.க்கு அருகில் இருக்கும். உல்லன் பின்னும் ஊசிகளில் மில்லிமீட்டரே பொறித்திருக்கும். டிரில் பிட்டின் வழவழப்பான அடித்தண்டும் உதவும். உருண்டை மூக்குக் குறட்டில் ஒவ்வொன்றாக வளைக்கிறவர்களுக்கு வளையங்கள் பெரிதும் சிறிதுமாக வருவதற்குக் காரணம் அந்தக் குறட்டின் மூக்கும் சாய்வானது என்பதுதான். மூக்கில் ஓரிடத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு எப்போதும் அங்கேயே வளையுங்கள்.

குறடு பதிந்த தழும்பு இருந்தால் தாடையின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மின்வேலைக் குறட்டில் பல் வெட்டியிருக்கும். நகை வேலைக்குப் பல் இல்லாத தாடை வேண்டும். வழவழப்பான தாடையும் பதிகிறது என்றால் ஓரங்கள் கூராக இருக்கின்றன. மெல்லிய எமரித் தாளால் ஓரத்தை உருட்டிவிடுங்கள்.

அறிகுறி: ஜிமிக்கிக் கூடு மடிப்பு விழுகிறது அல்லது விளிம்பில் வட்டமாக வெட்டுப்படுகிறது

இரண்டும் வெவ்வேறு பிழைகள். பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் கலந்துவிடுகிறோம்.

விளிம்பில் மடிப்பு விழுந்தால், தட்டையான வில்லையை நேராகச் சிறிய குழியில் வைத்து அடித்திருக்கிறீர்கள். 12 மி.மீ. அரைக்கோளம் வேண்டுமென்றால் வில்லையின் விட்டம் அதைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு, அதாவது 17 மி.மீ. வேண்டும், அந்த வில்லை 12 மி.மீ. குழியின் வாய்க்குள் அடங்காது. குழி அச்சில் 18 அல்லது 20 மி.மீ. குழியில் தொடங்கி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தட்டி, ஒவ்வொரு குழியாக இறக்கிக்கொண்டு வர வேண்டும். நடுவில் ஒரு முறையாவது காய்ச்ச வேண்டும். நடுவை மட்டும் ஓங்கி அடித்தால் உச்சி மெலிந்து ஓட்டையாகும், ஜிமிக்கியின் கொக்கி மாட்டும் இடமும் அந்த உச்சிதான்.

வட்டமாக வெட்டுப்பட்டால் குழிக்கும் உருண்டைத் தலைப் பஞ்சுக்கும் (பஞ்ச் என்னும், தகட்டைக் குழிக்குள் அடித்து இறக்கும் தண்டு) இடையில் தகட்டுக்கு இடமில்லை. 12 மி.மீ. குழியில் 0.5 மி.மீ. தகட்டை அடிக்க 11 மி.மீ. பஞ்சுதான் பொருந்தும், இரு பக்கமும் தகட்டின் தடிமன் நிற்க வேண்டும். தொகுப்பாக வாங்கும்போது குழிக்கு ஒரு பஞ்சு என்று எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறோம். வெர்னியரைக் கொண்டுபோய்க் கடையிலேயே இரண்டு மூன்று சோடியை அளந்து பாருங்கள். எஃகுக் குழி அச்சு விலை கூடுதல் என்றால் கெட்டியான புளியங்கட்டையில் குழி வெட்டிக்கொள்ளலாம். கோலம் எழுப்பிய தகட்டை அழுத்த எனக்கு மரக் குழியே பிடிக்கும், எழுப்பிய வேலை மழுங்காது. ஆனால் இரண்டு ஜிமிக்கியும் ஒரே அளவில் வர வேண்டும் என்னும்போது மரம் அடி வாங்கி வாங்கி ஆழமாகிக்கொண்டே போகும் என்பதை மறக்கக் கூடாது.

அறிகுறி: மோதிரத்தின் உள்பக்கம் முழுக்க ஊசி குத்தியது போலப் புள்ளிகள்

மோதிரத்தை விட்டுவிட்டுக் கோலைத் துடைத்துப் பாருங்கள். துரு அரித்த குழிகள் இருக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் டெல்டாவின் காற்றில் எஃகு கறுக்காமல் இருப்பதே அரிது; நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் காற்றும் சேர்ந்துகொள்ளும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது என் பட்டறைக் கூரையின் ஓடு பெயர்ந்து, கருவிப் பெட்டி நனைந்தது. விழுந்த மரங்களை அறுத்து வழி உண்டாக்கி, மின்சாரம் வந்து, பெட்டியைத் திறந்து பார்க்கும் நினைவு வருவதற்குள் நாள்கள் ஓடிவிட்டன. குழி அச்சைத் தேய்த்துக் காப்பாற்றிவிட்டேன். மோதிரக் கோலை 400 எண் எமரியில் தொடங்கித் தேய்த்ததில் குழிகள் போயின, கூடவே விட்டமும் 0.1, 0.2 என்று இடத்துக்கு இடம் குறைந்துபோனது. அந்தக் கோலை இன்னும் வட்டம் சரிசெய்ய வைத்திருக்கிறேன். அளவு பார்க்க எடுப்பதில்லை.

பழைய துருவின் குழி ஆழமாக இருந்தால் உங்கள் கோலையும் இப்படிப் பிரித்துவிடுங்கள்: வளைக்க ஒன்று, அளக்க ஒன்று. அளக்கும் கோல் அலுமினியத்தில் இருந்தால் துருப்பிடிக்காது. ஆனால் அதன் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினால் கோல்தான் நசுங்கும். எஃகை வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, தையல் எந்திர எண்ணெயைத் தொட்டுத் தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகிக் கருவியில் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பற்றவைத்த நகையைச் சுத்தம் செய்ய அமிலக் கரைசல் வைத்திருக்கிறவர்கள் அந்தப் பாத்திரத்தைக் கருவி அலமாரியின் அருகில் வைக்க வேண்டாம், அதன் ஆவியே போதும் எஃகைத் துருவாக்க. அதற்குள் இரும்பு இடுக்கியை விட்டால் வெள்ளியின் மேல் செம்பு படியும் என்பதால் செம்பு இடுக்கியோ மூங்கில் இடுக்கியோதான் பயன்படுத்த வேண்டும். மழைக்காலத்தில் கோலைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைக்கும் வழக்கமும் நம் பக்கம் இருக்கிறது. தாள் ஈரத்தை இழுத்துக் கோலோடு ஒட்டவைத்துவிடும், அதனால் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.